பாக்கல நைனா

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கோர்ட்டில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த டைப்பிஸ்ட் பெண். நல்ல கை. வாயும் கொஞ்சம் அதிகம்.

"சார், சேதி தெரியுமா? இனிமே சாட்சிங்க கோர்ட்டாண்ட வரவே வேணாமாம். ஊட்ல குந்திக்கினே வீடியோவுல சொல்லலாமாம். சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரே டைப் அடிச்சிக்குமாம். அப்போ நான் இன்னாத்துக்கு சார் அங்க?"

"வாசிச்சுக் காட்டறதுக்கு."

"அதையும் அதுவே வாசிக்குமாம் சார்."

அவள் விடவில்லை. "கூண்டுல நேர்ல நின்னு சொல்ற சாட்சி ஒசத்தியா, எழுதிக் கொண்டாந்து குடுக்கற சாட்சி ஒசத்தியா? முப்பத்தஞ்சு வருஷம் டைப் அடிச்ச ஆளு நீங்க. எழுதிக் குடுங்க சார், ஸ்டாஃப் மலர்ல போடறோம்."

மலரில் போடுவார்களோ, பக்கம் நிரம்பிவிட்டது என்பார்களோ, அது அவர்கள் பாடு. ஆனால் பள்ளிப்பட்டு முனிரத்தினத்தைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. என் தப்பும் ஒன்று அதில் இருக்கிறது. அதையும் நானே எழுதினால்தான் முறை.

நான் செவ்வாப்பேட்டைக்காரன். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்து, பரீட்சை எழுதி, இருபத்து மூன்று வயதில் சிவில் கோர்ட்டில் சேர்ந்தேன். மாவட்டத்துக்குள்ளேயே நாலைந்து கோர்ட்டுக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்றாலும் காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயின், சாயங்காலம் எலெக்ட்ரிக் ட்ரெயின். முதல் பத்து வருஷம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மெஷினின் ரிப்பன் மாற்றிய கறை விரலில் இருந்து போனதே இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுப் பக்கம் போகாத புண்ணியவான்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். சிவில் வழக்கில் சாட்சி சொல்வதை நாங்கள் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. கேள்வியை விட்டுவிடுவோம். பதிலை மட்டும் அவரே பேசுவது மாதிரி வாக்கியமாக்கி எழுதுவோம். வக்கீல் கூண்டைப் பார்த்து, "அன்னிக்கு நீ ஊர்லயே இல்லதானே?" என்று அதட்டுவார். சாட்சி, "யாருய்யா சொன்னது? எந்தப் பய சொன்னான்?" என்று எகிறுவார். என் மெஷினில் என்ன விழும் தெரியுமா? "அன்றைய தினம் நான் ஊரில் இல்லை என்று சொன்னால் சரியல்ல." அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்துச் சண்டை ஒன்றரைப் பக்கத்தில் சாதுவாகப் படுத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊட்டாண்ட என்று சாட்சி சொன்னால் 'வீட்டின் அருகில்' என்று அடிப்பேன். இஸ்துகினு போனான் என்றால் 'இழுத்துக்கொண்டு சென்றார்'. பேஜாரு பண்ணாங்க என்றால் 'தொந்தரவு செய்தார்கள்'. காது ஒன்றைக் கேட்கும், விரல் வேறொன்றை அடிக்கும், நடுவில் நான் என்று ஒருத்தன் யோசிக்கவே வேண்டாம். எங்கள் சிரஸ்தார், அதாவது ஆபீசுக்குத் தலைமை குமாஸ்தா, "சுந்தரம் டைப் அடிச்சா சாட்சிக்கே தமிழ் வந்துடும்பா" என்பார். அதைக் கேட்டு நான் பூரித்துப்போவேன். பூரித்தவனுக்குப் பின்னால் நல்லா கிடைத்தது.

பிறகு சட்டம் மாறியது. முதல் விசாரணையைக் கூண்டில் சொல்ல வேண்டாம், பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொண்டுவந்தால் போதும், எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை மட்டும் நேரில் நடக்கும் என்றார்கள். எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் வேடிக்கை ஆரம்பித்தது. பெரியபாளையம் பக்கத்தில் நெல் வயல் வைத்திருந்த ஒருவர், வரப்புத் தகராறு, கூண்டில் ஏறினார். அவர் பத்திரத்தில் 'மேற்படி சொத்தின் வடகிழக்கு எல்லையானது' என்று ஆறு பக்கம் ஓடுகிறது. எதிர் வக்கீல், "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அது எங்க வக்கீலு எழுதனது. அவரக் கேளுங்க. என்னாண்ட கேட்டா நான் வேற மாரி சொல்லுவேன்."

கோர்ட்டே சிரித்தது. அவர் வக்கீல் மட்டும் கேஸ் கட்டைப் பிரித்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

அதற்காக எழுதி வாங்குவது எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். கோயில் வாசலில் பூ விற்ற ஒரு அம்மா, சாகப் படுத்திருந்தவர். கோர்ட்டு நியமித்த வக்கீல் கமிஷனர் அவர் வீட்டுக்கே போய் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். மூன்றாவது வாரம் அந்த அம்மா இல்லை. அந்த நாலு பக்கம் இல்லையென்றால் அவர் தரப்புக்கு நாதியே கிடையாது. ஆகவே கவிதாவின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கேட்டால் என்னால் முடியாது.

இப்போது ஜட்ஜ் அம்மாவைச் சொல்ல வேண்டும். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது எங்கள் கோர்ட்டுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். பெயர் வேண்டாம், நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. சாட்சி வாயைத் திறந்ததும் தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேனை நிறுத்தச் சொல்வார். ஏப்ரல் மாதமாக இருந்தாலும் சரி. வக்கீல்கள் கோட்டுக்குள்ளே வெந்துபோவார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து, சாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பி டிக்டேட் செய்வார். மேஜையில் ஒரு தகர டப்பாவில் இருமல் மிட்டாய் இருக்கும். பயத்தில் தொண்டை அடைத்த சாட்சிக்கு ஒன்று போகும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவர் கறாராக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். அடித்து முடித்ததும் வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அடியில் 'வாசித்துக் காட்டப்பட்டு சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வரும். நாங்களெல்லாம் அதை மந்திரம் சொல்லும் வேகத்தில் ஓட்டிவிடுவோம். ஜட்ஜ் அம்மா முதல் வாரமே என்னை நிறுத்தினார். "சுந்தரம், நீங்க வாசிக்கிறது எனக்கே புரியலை. அவருக்கு எப்படிப் புரியும்? மறுபடி ஆரம்பிங்க." ஓப்பன் கோர்ட்டில். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று ட்ரெயினில் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில் வந்த வழக்குதான் ஸ்டெல்லாவுடையது.

ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தோணி கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் சேர்ந்து, உலை வாசலில் இருபத்தெட்டு வருஷம் நின்று, இரண்டு ரூம் வைத்து ஒரு வீடு கட்டினார். மகன் ராபர்ட் கல்யாணம் ஆகி ஒரகடம் பக்கம் போய்விட்டான். ஸ்டெல்லாவின் புருஷன் விட்டுவிட்டுப் போனதும் அவள் அப்பாவிடம் வந்தாள். கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே, நெஞ்சு கெட்டுப்போன கிழவரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டாள். வீடு அவளுக்கே என்று அந்தோணி உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். உயில் பொய், எனக்குப் பாதி வேண்டும் என்று ராபர்ட் பாகப்பிரிவினை வழக்குப் போட்டான். இரண்டு ரூமைப் பாதியாக எப்படி வெட்டுவது? விற்றாக வேண்டும். ஸ்டெல்லா தெருவில் நிற்க வேண்டியதுதான்.

உயில் வழக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எழுதி வைத்தவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். நான் போட்டதை அவர் பார்த்தார். இதில் ஒன்று ஆட்டம் கண்டாலும் உயில் வெறும் காகிதம். சாட்சி போட்ட இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போயிருந்தார். மிச்சம் இருந்தவர் முனிரத்தினம். அந்தோணியோடு ஒரே ஷிஃப்டில் உலையடியில் நின்றவர். ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார்.

ஸ்டெல்லா கூண்டில் ஏறிய அன்று வார்த்தைக்கு வார்த்தை நைனா. "எங்க நைனாதான் கையெழுத்துப் போட்டாரு." "நைனாவுக்குப் பேச்சு தெளிவாத்தான் இருந்துச்சு." ஜட்ஜ் அம்மா என் பக்கம் குனிந்து, "நைனான்னா யாரு?" என்றார்.

"அப்பான்னு அர்த்தம்மா. ஆந்திரா பார்டர் பக்கத்துப் பேச்சு," என்றேன். எனக்குத் தெரியாததா என்ற தோரணையில். அன்று முழுக்க நைனா வந்த இடத்திலெல்லாம் 'என் தந்தை அந்தோணி' என்று அடித்தேன். நாற்பது இடமாவது இருக்கும்.

முனிரத்தினத்தைப் பதிவு செய்ய நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்த இளம் வக்கீல் ஒருவரைக் கமிஷனராகப் போட்டார்கள். அவருடைய டைப்பிஸ்டுக்குக் காய்ச்சல். கமிஷனர் கேட்டுக்கொள்ள, ஜட்ஜ் அம்மா அனுமதி கொடுக்க, ஒரு சனிக்கிழமை நான் லேப்டாப்போடு திருத்தணி தாண்டிப் பள்ளிப்பட்டுக்குப் போனேன்.

முனிரத்தினத்துக்குப் பல் இல்லை. சிரிப்பு நிறைய இருந்தது. இரும்புக் கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் வரவேற்றார். "வா நைனா. குந்து நைனா. மோரு சாப்புடு நைனா." கமிஷனர் நைனா, ராபர்ட்டின் வக்கீல் நைனா, நான் நைனா, கார் டிரைவர் நைனா. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த நைனாவையெல்லாம் டைப்பில் விட்டுவிட்டேன். கூப்பிடும் சொல்லை யார் எழுதுவார்கள்?

குறுக்கு விசாரணை பாதியில் இருக்கும்போது லேப்டாப்பில் சார்ஜ் இறங்கிவிட்டது. நான் குனிந்து சார்ஜரைச் சொருக இடம் தேடினேன். அடுப்படியில் மிக்ஸி ஓடியது. ஸ்டெல்லாவின் வக்கீல் வாசலில் நின்று போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ராபர்ட்டின் வக்கீல் கேட்ட கேள்வி என் காதில் விழவில்லை. நிமிர்ந்தபோது பதில் மட்டும் விழுந்தது.

"பாக்கல நைனா."

"பார்க்கலைன்னு போட்டுக்குங்க," என்றார் வக்கீல். கமிஷனர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். திரையில் கடைசி வரி, 'நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டபோது அந்தோணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்' என்று நின்றது. கேள்வி என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இந்த வழக்கில் நைனா என்றால் அந்தோணி. விரலுக்கு அது பழகிவிட்டது. அடித்தேன்: 'நான் கையெழுத்துப் போட்டதை அந்தோணி பார்க்கவில்லை.'

மழை வரும்போல இருந்தது. டிரைவர் வெளியே ஹாரன் அடித்தார். ஜட்ஜ் அம்மா இல்லாத தைரியத்தில் பழைய மந்திர வேகத்தில் வாசித்தேன். முனிரத்தினம் மாத்திரை மயக்கத்தில், ஒவ்வொரு வரிக்கும், "சரி நைனா, சரி நைனா," என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஸ்டெல்லாவின் வக்கீல் அந்த வாக்குமூலத்தின் காப்பி வாங்கினார். வாங்கியதோடு சரி, படிக்கவில்லை. வாதத்தன்று ராபர்ட்டின் வக்கீல் எழுந்து, அந்த ஒரு வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். "உயிலுக்குச் சாட்சி போட்டவரே சொல்றார், நான் போட்டதை அந்தோணி பார்க்கவில்லைன்னு. இதுக்கு மேல நான் என்ன வாதம் பண்ணணும்?" என்று உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் அம்மா பக்கத்தைத் திருப்பி இரண்டு தடவை படித்தார். முகம் வாடிவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "இல்லம்மா! எங்க நைனா பாத்துக்கினுதாம்மா இருந்தாரு! ஐயோ, முனி மாமா அப்டி சொல்லிருக்கமாட்டாரும்மா!"

பெயர் கூப்பிடும் கோர்ட்டுச் சேவகன், டவாலி, அவளை உட்காரச் சொன்னான். அவள் வாயிலிருந்து நைனா என்ற சொல் வந்ததும் எனக்குப் பள்ளிப்பட்டுக் கட்டில் கண்ணில் வந்து நின்றது. பாக்கல நைனா. அந்த மனுஷன் வக்கீலை அல்லவா நைனா என்றார்! யாரோ பார்க்கவில்லை என்று வக்கீலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் வக்கீலைத் தூக்கிவிட்டு அந்தோணியை உட்காரவைத்துவிட்டேன். இனி அதை யார் கண்டுபிடிப்பது? காகிதத்தில் கேள்வியும் இல்லை, நைனா என்ற சொல்லும் இல்லை. என் தலைக்குள்ளே மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் ஐந்தே முக்கால் ட்ரெயினை விட்டுவிட்டு ஜட்ஜ் அம்மாவின் சேம்பருக்குப் போனேன். பென்ஷனை நிறுத்திவைக்கும் அளவுக்கு மெமோ வரலாம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாசிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேம்மா. வேகமா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க சொல்லை வச்சு நான் இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சொல்லாம ட்ரெயின் ஏற முடியலம்மா."

"எழுதிக் குடுங்க," என்றார்.

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாய்தாவில் அதை ஓப்பன் கோர்ட்டில் படித்து, சாட்சியைக் கோர்ட்டே மறுபடி அழைத்து விசாரிக்கும் என்று சொன்னார். ராபர்ட்டின் வக்கீல் கொதித்துப்போனார். "ஒரு டைப்பிஸ்டோட ஞாபகத்தை நம்பியா?"

"டைப்பிஸ்டை நான் நம்பலை. அதனாலதான் சாட்சியைக் கூப்பிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொரு கமிஷன் போடலாம் என்று ஸ்டெல்லாவின் வக்கீல் இழுத்தார். ஜட்ஜ் அம்மா, "அவரால வர முடியுமான்னு முதல்ல கேளுங்க. நான் அவரைப் பாக்கணும்," என்றார். முனிரத்தினத்திடமிருந்து சேதி வந்தது: அந்தோணிக்காகன்னா வரேன். மருமகள் வேண்டாம் என்று அழுதாளாம். அதற்குள் அவருக்கு ஒரு தடவை மூச்சுத் திணறல் வந்துபோயிருந்தது. அந்தப் பதினைந்து நாள் நான் தூங்கிய தூக்கம் கடவுளுக்குத்தான் தெரியும். அவருக்கு ஏதாவது ஆனால், நான் அடித்த வரிதான் கடைசிச் சாட்சி.

ஸ்டெல்லா வேன் வைத்து, உள்ளே மெத்தை போட்டு அழைத்துவந்தாள். எங்கள் கோர்ட்டு மாடியில். அவரை ஏற்ற முடியாது. ஜட்ஜ் அம்மா யோசிக்கவே இல்லை. கோர்ட்டையே கீழே இறக்கினார். பைக் நிறுத்தும் இடத்தில் புங்க மர நிழலில் வேனை நிறுத்தி, கதவை முழுசாகத் திறந்துவைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு ஸ்டூல், மடியில் லேப்டாப்.

முனிரத்தினம் இளைத்திருந்தார். கண் மட்டும் அதே கண். சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் ராபர்ட்டைத்தான் விசாரித்தார். "இன்னாடா ராபர்ட்டு, எளச்சிப் போய்க்கீற? சாப்புடறியா இல்லியா?" வழக்குப் போட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து மில் வாசலுக்குப் போனவனாம்.

சத்தியப் பிரமாணம் ஆனதும் ஜட்ஜ் அம்மாவே கேட்டார். "நீங்க உயில்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டப்போ அந்தோணி எங்க இருந்தார்?"

"கட்டில்ல குந்திக்கினு இருந்தான் நைனா."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. டவாலி பதறிப்போய், "அம்மான்னு சொல்லு பெரியவரே!" என்றான்.

"சரி நைனா," என்றார் அவனிடம்.

இப்போது வக்கீல்களே சிரித்துவிட்டார்கள். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நீங்க போட்டதை யார் யார் பாத்தாங்க?" என்றார்.

"அந்தோணி பாத்தான். உத்துப் பாத்தான். எனக்கு எப்பவும் கையெழுத்து கோணலா வரும் நைனா. என் கையில தட்டி, 'மெதுவா போடு முனி, கிறுக்கிடாத, எம்பொண்ணு ஊடு இது'ன்னான்." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா வேன் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னாடி வீட்டுல கேட்டப்போ பாக்கலைன்னு சொன்னீங்களாமே?"

"நானா? யாரு பாக்கலன்னேன்?" நெற்றியைச் சுருக்கினார். பிறகு ராபர்ட்டின் வக்கீலை நோக்கிக் கையை நீட்டினார். "ஆங், இந்த நைனா கேட்டாரு. ராபர்ட்டு அந்தக் கையெழுத்தப் பாத்தானான்னு. ராபர்ட்டு எங்க பாத்தான்? அவன் அன்னிக்கு ஊர்லயே இல்லியே. அதான் பாக்கல நைனான்னேன். இன்னா தப்பு?"

ஜட்ஜ் அம்மா ராபர்ட்டின் வக்கீலுக்கும் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்தார். அவர், "இதெல்லாம் ஸ்டெல்லா சொல்லிக் குடுத்ததுதானே?" என்று கேட்டார். "அவ இன்னா சொல்லிக் குடுப்பா நைனா, வழியெல்லாம் அழுதுக்கினேதான் வந்தா," என்றார் முனிரத்தினம். நான் வழக்கம்போல, 'ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்து நான் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்று அடித்தேன். ஜட்ஜ் அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "அவர் சொன்னதையும் அப்படியே போடுங்க. கேள்வியையும் போடுங்க." போட்டேன்.

கடைசியில் ஒரு குறிப்பு டிக்டேட் செய்தார். சாட்சி நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து எழுத ஜட்ஜுக்கு உரிமை உண்டு. "சாட்சி இந்த நீதிமன்றத்தையும், வழக்கறிஞர்களையும், ஊழியர்களையும், பெண்களையும் ஆண்களையும் ஒன்றுபோல 'நைனா' என்றே விளிக்கிறார். அது இவர் பேச்சில் ஒரு விளிச்சொல்." முப்பது வருஷத்துக்கு மேல் ஆன என் டைப்பில் நைனா என்ற சொல் நைனாவாகவே விழுந்தது அன்றைக்குத்தான். எந்தக் கமிஷன் காகிதத்திலும் அந்த வரி வந்திருக்காது. அவரை நேரில் பார்த்தவர்தான் எழுத முடியும்.

வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக, அவர் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டும் வரை காத்திருந்து. இரண்டு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. 'அந்தோணி என் கையில் தட்டி' என்று வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "கையில இல்ல நைனா. தோள்ல. நான் தப்பா சொல்லிட்டேன். தோள்ல தட்டினான்." திருத்தினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கோணலாகத்தான் இருந்தது.

வேன் கிளம்பும்போது தலையணையை எடுத்துக் கொடுக்கப் போனேன். ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எங்க நைனா பாக்கலன்னு எழுதிட்டியே. உனுக்கு எப்டிய்யா கை வந்துச்சு?" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கூட அங்கே வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

உயில் நிலைத்தது. ராபர்ட் அப்பீல் போகவில்லை. தீர்ப்புக்கு மறுநாள் ஜட்ஜ் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்படுகிறார் என்று இருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். அவர் தகர டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "ஒண்ணு எடுத்துக்குங்க சுந்தரம். தொண்டை கட்டியிருக்கு உங்களுக்கு." அவருக்குக் கீழே வேலை பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஒரே மிட்டாய். அந்த மனுஷியை நினைத்தால் இன்றும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். முனிரத்தினம் அடுத்த பொங்கலுக்குள் போய்விட்டார்.

கவிதா, உன் மெஷினையும் சோதித்துவிட்டேன். பேசினால் எழுதும் வசதி என் போனிலேயே இருக்கிறது என்று பேத்தி காட்டினாள். "பாக்கல நைனா" என்றேன். 'பாக்கல நைனா' என்றே எழுதியது. என்னைப் போல மேதாவித்தனம் பண்ணவில்லை. அந்த வகையில் என்னைவிட நல்ல டைப்பிஸ்ட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் பாக்கல, எந்த நைனா என்று அது கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ அதைக் கேட்கிற வரைக்கும் உனக்கு அங்கே நாற்காலி உண்டு. சாட்சி வீடியோவில் வரட்டும், வேனில் வரட்டும். வாசிக்கும்போது மெதுவாக வாசி.

இதை எழுதும் முன் ஸ்டெல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் வாழ்க்கை, அவள் அப்பா. கேட்காமல் மலரில் போட நான் யார்? போன வாரம் ட்ரெயின் மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இரண்டு ரூம், பச்சைக் கதவு, வாசலில் ஒரு முருங்கை. கதவைத் தட்டிவிட்டு, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். என் சட்டை வியர்வையில் நனைந்திருந்ததையும், கையில் இருந்த ஆரஞ்சுப் பழப் பையையும் பார்த்தாள். பிறகு வழி விட்டு ஒதுங்கினாள்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா நைனா," என்றாள்.

எந்த நைனா என்று நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.